தோளில் புலி பேட்ஜ், பின்பக்கம் பெயர் இல்லை: இந்தப் பட்டாளத்துக்காரரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

தாம்வே பேத்தி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பத்தாவோட டிரங்குப் பெட்டியில கிடைச்ச படம் இது. ஸ்டுடியோவுல நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். ஒரு பக்கம் மடிச்சுவிட்ட அகலத் தொப்பி, கையில ரெண்டு பட்டை, தோளுக்குக் கீழ துணி பேட்ஜ், அதுல ஏதோ மிருகம். பின்பக்கம் ஊதா முத்திரையில "மொகல் ஸ்ட்ரீட், ரங்கூன்" மட்டும் படிக்க முடியுது (இப்போ ஷ்வேபொந்தா தெரு).

அப்பத்தாவோட அண்ணன் ஒருத்தர், ரங்கூன்ல குண்டு விழுந்த பிறகு 1942-ல நடந்தே இந்தியா போனவராம். அவர்தான் இவரா? பெரியப்பா, "அது புலி, அப்போ நேதாஜி படைதான்"ங்கிறார். அத்தையோ, "அவர் நம்ம ஆளே இல்லை, மாடியில குடியிருந்தவரு"ங்கிறாங்க. கலர் போடுற ஆப்புல போட்டுப் பார்த்தேன், மிருகத்தை ரோஜாப்பூ ஆக்கிடுச்சு. எங்கே ஆரம்பிக்கிறது?

மோல்மேன் மாமா:
புலின்னா சந்தேகமே வேண்டாம்மா, நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம், ஐ.என்.ஏ.தான். ஜெய்ஹிந்த்!

பித்தளைப் பட்டன்:
மாமா, கொஞ்சம் பொறுங்க. பாயும் புலி பேட்ஜ், ஜெர்மனியில நேதாஜி திரட்டின படையோட சட்டைக் கையில இருந்தது. புலி போட்ட பிரிட்டிஷ் இந்தியப் படையும் உண்டு.

தங்கச்சி, முகத்தை விட்டுடுங்க, உடுப்பைப் பாருங்க. ஆப்பெல்லாம் இல்லாததை வரைஞ்சு வைக்கும். 1200 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணி நாலு விஷயம் சொல்லுங்க. புலியைச் சுத்தி முக்கோணம் இருக்கா? தொப்பி எந்தப் பக்கம் மடிஞ்சிருக்கு? சட்டையில எந்தப் பக்கம் மேல வருது? தோள்பட்டையில பித்தளை எழுத்து உண்டா? பின்பக்கத்தை ஜன்னல் ஓரம் சாய்ச்சு வச்சும் ஒரு படம் எடுங்க. பென்சில் அழிஞ்சிருந்தாலும் அழுத்தின பள்ளம் நிழல்ல தெரியும்.

தாம்வே பேத்தி:
முக்கோணம் இருக்கு அண்ணே! புலி அதுக்குள்ள இருந்து காலெடுத்து வெளிய வர்ற மாதிரி. தொப்பி அவரோட இடப்பக்கம் மடிஞ்சிருக்கு, சட்டையிலயும் இடப்பக்கம்தான் மேல. பித்தளை எழுத்துல கடைசி மூணு ஏ.எஸ்.சி., முன்னாடி உள்ளது துணி மடிப்புல மறைஞ்சிருக்கு. பின்பக்கம் பென்சில்ல நாலு இலக்க எண் ஒண்ணு, வேற எதுவும் இல்லை.

பித்தளைப் பட்டன்:
ஆம்பளைச் சட்டையில இடப்பக்கம்தான் மேல வரும். அப்போ படம் இடவலம் மாறி அச்சாகலை, நல்லது. நாலு இலக்கம் ஸ்டுடியோக்காரர் போட்ட நெகடிவ் எண்ணா இருக்கும், அதை நம்பி அலையாதீங்க.

முக்கோணத்துல இருந்து வர்ற புலி 26-வது இந்திய டிவிஷன். 1942 மே மாசம் கல்கத்தா பக்கம் உருவான படை. பர்மா மேற்குக் கரையில அரக்கான்ல சண்டை போட்டு, 1945 ஜனவரியில ராம்ரி தீவுல இறங்கி, மே 3-ல கடல் வழியா ரங்கூனுக்குள்ள வந்தது. அக்டோபர்ல சுமத்ரா போயிடுச்சு. முத்திரை மொகல் ஸ்ட்ரீட்டுன்னா படம் அந்த சில மாசத்துக்குள்ள எடுத்தது. தேதி இவ்வளவு நெருக்கமா பிடிபடுறது அபூர்வம்.

ஏ.எஸ்.சி.ன்னு முடிஞ்சா ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ்: ரேஷன், லாரி, கோவேறு கழுதை எல்லாம் அவங்க பொறுப்பு. ரெண்டு பட்டைன்னா நாயக் பதவி. 1942-ல நடந்து போனவர் அங்க பட்டாளத்துல சேர்ந்து, 1945-ல திரும்பி வந்திருக்க வழி உண்டு. அத்தை சொல்றதுக்கும் இதே அளவு வழி உண்டு.

மோல்மேன் மாமா:
ஐ.என்.ஏ.வுல பாதிப்பேர் முன்னாடி பிரிட்டிஷ் பட்டாளத்துல இருந்தவங்கதானே தம்பி? உடுப்பு அதே உடுப்புதான்.

பித்தளைப் பட்டன்:
உடுப்பு சரி மாமா, எதிரி டிவிஷன் பேட்ஜை யார் குத்திக்குவாங்க? ஆனா பெரியப்பா சொல்றதை ஒரேயடியா தள்ளவும் மாட்டேன். நேதாஜி ரங்கூனை விட்டுக் கிளம்பும்போது, ஊர்ல கலவரம் ஆகாமப் பார்த்துக்க ஐ.என்.ஏ. அதிகாரி லோகநாதன் தலைமையில சுமார் 6,000 வீரர்களை விட்டுட்டுப் போனார். 26-வது டிவிஷன் வந்தப்போ அவங்க இங்கதான் இருந்தாங்க. ரெண்டு பேரோட கதை வீட்டுல ஒண்ணாக் கலந்திருக்கலாம்.

தேவகோட்டை மருமகன்:
பெயர் வேணும்னா மெடலைத் தேடுங்க. இந்திய வீரர்களுக்குக் கொடுத்த மெடல்ல எண், பெயர், படைப்பிரிவு பொறிச்சிருப்பாங்க. வட்ட மெடல்னா விளிம்புல, நட்சத்திர வடிவ பர்மா ஸ்டார்னா பின்பக்கம். அந்த எண் கிடைச்சா பெங்களூர்ல இருக்கிற ஏ.எஸ்.சி. ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதலாம். எண் இல்லாம வெறும் படத்தை அனுப்பினா பதிலே வராது.

போர்ல இறந்தவர்னா பியே ரோட்டுல தௌச்சான் கல்லறைக்கு ஓடிப்போய் தூண் தூணாப் பார்க்காதீங்க, அங்க ரங்கூன் நினைவுச்சின்னத்துல மட்டும் கிட்டத்தட்ட 27,000 பெயர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளத்துல படைப்பிரிவைப் போட்டு வடிகட்டலாம். உயிரோட திரும்பியிருந்தா அதுல இருக்க மாட்டார். ஊர் எது?

தாம்வே பேத்தி:
அப்பத்தாவுக்கும் தேவகோட்டைப் பக்கம்தான்!

தேவகோட்டை மருமகன்:
அப்போ சிவகங்கையில முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல விசாரிக்கலாம். அண்ணன் பெயரும் அப்பா பெயரும் எழுதிக் கொடுக்கணும். நேர்ல ஆள் போனாத்தான் பழைய ரிஜிஸ்டரைத் திறப்பாங்க.

தாம்வே பேத்தி:
சித்தப்பா மகன் காரைக்குடியில இருக்கான், அவனைப் போகச் சொல்றேன். மெடல் எதுவும் இங்க இல்லை. 1964-ல கப்பலேறினப்போ சின்ன அப்பத்தா கொண்டுபோன சாமான்ல இருக்கலாம்னு அத்தை சொல்றாங்க, அதையும் கேட்கிறேன். தோள் எழுத்தைப் பெரிசாக்கி நாளைக்குப் போடறேன். மாமா, பெரியப்பா இன்னும் ஒத்துக்கலை. உங்ககூடப் பேசணுமாம்.