1970-ல 350, 1972-ல 250: பான்டியாக் ஜிடிஓ-வோட 100 குதிரை எங்க போச்சு?

பேட்டை_பிட்டர்
அண்ணாச்சிமாரே, ஐடிஐ பசங்களுக்கு எஞ்சின் பவர் பத்தி நடத்த அமெரிக்கக் காரான ஜிடிஓ-வை உதாரணமா எடுத்திருக்கேன். 1970 கேட்டலாக்ல 400 கன அங்குல எஞ்சினுக்கு 350 குதிரைசக்தி போட்டிருக்கு. 1972-ல அதே 400-க்கு 250தான். எஞ்சினை அவ்வளவு கெடுத்துட்டாங்களா, இல்ல கணக்கே வேறயா? 1973 எண்ணெய்த் தட்டுப்பாடுதான் வண்டியை ஒழிச்சதுன்னு சொல்லுதாங்களே, அது சரியா? இன்னொண்ணு, ஈயம் இல்லாத பெட்ரோல்ல வால்வு சீட் (வால்வு மூடும்போது உக்காருத இடம்) தேயும்ங்காங்க. நம்ம ஊர் பழைய அம்பாசிடருக்கும் அது உண்டா?

தச்சநல்லூர்_டைனோ
பாதி நெசம், பாதி கணக்கு.

1970-ல கம்ப்ரஷன் (சிலிண்டர்ல காத்து எத்தனை மடங்கு அமுங்குதுங்கிற கணக்கு) 10.25. 1971-ல 8.2. ஈயம் குறைஞ்ச 91 ஆக்டேன் பெட்ரோல்ல எல்லா எஞ்சினும் ஓடணும்னு பான்டியாக்கோட தாய்க் கம்பெனி ஜிஎம் முடிவு பண்ணி இறக்கினது அது. (அமெரிக்க பெட்ரோல் பங்க்ல எழுதியிருக்க நம்பரோட இதைக் குழப்பிக்கிடாதீங்க. இது ஆர்ஓஎன் (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) கணக்கு. பிஎஸ்6 சாதா பெட்ரோலுக்குக் குறைஞ்சபட்சம்னு சொன்னதும் இதே 91தான்.) அதுல 350 இறங்கி 300 ஆச்சு. இந்த 50 நெசமாவே போன பவர்.

1972-ல 250 ஆனது பெரும்பாலும் பேப்பர்ல. அதுவரைக்கும் கிராஸ் கணக்கு: எஞ்சினைத் தனியா ஸ்டாண்டுல ஏத்தி, ஏர் ஃபில்டர் கிடையாது, ஆல்டர்னேட்டர் கிடையாது, சைலன்சர் கிடையாது, டைமிங்கையும் தோதா வச்சு அளப்பாங்க. நெட் கணக்குல இத்தனையும் மாட்டிட்டுத்தான் அளவு. 1971-க்கு ஜிஎம் ரெண்டு கணக்கையும் வெளியிட்டுது. பசங்களுக்கு அந்த வருசத்தைக் காட்டுங்க. 1970-ஐயும் 1972-ஐயும் பக்கத்துல வச்சுக் கழிக்கச் சொன்னா தப்பாத்தான் படிப்பாங்க.

களக்காடு_வி8
எண்ணெய்த் தட்டுப்பாடு செத்த பாம்பை அடிச்ச கதை. வித்த கணக்கைப் பாருங்க: 1964-ல 32,450, 1966-ல 96,946, அதுதான் உச்சம். 1969-ல 72,287, 1970-ல 40,149, 1971-ல 10,532, 1973-ல 4,806. எண்ணெய்த் தடை வந்தது 1973 அக்டோபர்ல. அதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சு போச்சு. 1971 சரிவுல மட்டும் கொஞ்சத்தை ஸ்டிரைக் கணக்குல எழுதணும். 1970 கடைசியில ஜிஎம் தொழிலாளிங்க 67 நாள் வேலைக்குப் போகல.

வண்டி பிறந்ததே ஒரு தில்லுமுல்லுலதான். நடுத்தர சைஸ் வண்டியில 330 கன அங்குலத்துக்கு மேல எஞ்சின் வைக்கக்கூடாதுன்னு ஜிஎம் உத்தரவு. பான்டியாக் தலைமை எஞ்சினியர் ஜான் டிலோரியன் ஆளுங்க, பெரிய வண்டியோட 389 எஞ்சினை (6.4 லிட்டர்) நடுத்தர சைஸ் டெம்பஸ்ட் லெமான்ஸ்ல இறக்கி, புது மாடல்னு சொல்லாம 'ஆப்ஷன்'னு விலைப்பட்டியல்ல சேர்த்துட்டாங்க. ஆப்ஷனுக்கு மேலிடத்து அனுமதி வேண்டாம்! கூடுதல் விலை 300 டாலருக்குள்ளதான். ஒரு கார்பரேட்டர்ல 325 குதிரை, மூணு கார்பரேட்டர் 'ட்ரை-பவர்'ல 348. சாதாரணமா நடுவுல உள்ளது மட்டும் ஓடும், அழுத்தி மிதிச்சா முன்னும் பின்னும் உள்ளது திறக்கும்.

கொன்னவனைத் தேடினா முதல் ஆள் இன்சூரன்ஸ். எடைக்குப் பவர் எவ்வளவுன்னு பார்த்து, இளவட்டங்களுக்குப் பிரீமியத்தை ஏத்திட்டான். வாங்குற கூட்டமே அதுதானே வே! ரெண்டாவது, 1968-ல போட்டி வண்டி பிளிமத் ரோட்ரன்னர் 3,000 டாலருக்குள்ள வந்து விலையில அடிச்சது. பதிலுக்குக் கொண்டாந்த ஜிடிஓ 'ஜட்ஜ்' 332 டாலர் கூடுதல்ல போய் நின்னுச்சு. என் கணக்குல பான்டியாக் தானே குழி வெட்டிக்கிட்ட இடம் அது. 1972-ல மறுபடி ஆப்ஷன் ஆகி, 1974-ல வென்சுரா பாடியில 350 எஞ்சினோட முடிஞ்சது. 2004-ல ஆஸ்திரேலியா ஹோல்டன் மொனாரோவுக்கு அதே பேரை ஒட்டி வித்தாங்க. வண்டி நல்ல வண்டி, ஆனா பார்க்க ஒண்ணும் இல்ல.

அம்பை_லேத்
வால்வு சீட்டுக்கு வாறேன். எக்ஸாஸ்ட் சீட் மேல ஈயம் மெல்லிசாப் படிஞ்சு பாதுகாக்கும். அது இல்லாம இரும்பு ஹெட்ல சூட்டுக்கு வால்வும் சீட்டும் ஒட்டி ஒட்டிப் பிரியும். பொடிப்பொடியாப் பிய்ஞ்சு சீட் உள்ள இறங்கும். டேப்பட் இடைவெளி சுருங்கி, கடைசியில வால்வு மூடாம எரியும். ஜிடிஓ-ல ஹைட்ராலிக் லிஃப்டர் (எண்ணெய் அழுத்தத்துல இடைவெளியைத் தானே சரி பண்ணுத பாகம்) அந்தக் குறைவைத் தானே ஈடுகட்டிரும், ரொம்ப நாள் வெளியில தெரியாது. அம்பாசிடர் பழைய 1489 சிசி எஞ்சின்ல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) சொல்லிரும்.

வரிசையா எண்ணினா எட்டு வால்வுல எக்ஸாஸ்ட் வால்வு 1, 4, 5, 8. எட்டாவது முழுசா அமுங்கி நிக்கும்போது ஒண்ணாவதை அளக்கணும், அஞ்சாவது அமுங்கும்போது நாலாவதை. ரெண்டு நம்பரையும் கூட்டினா எப்பவும் 9 வரணும். 0.015 அங்குலம் வச்சு, 1,000 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி அளங்க. எக்ஸாஸ்ட்ல மட்டும் 2, 3 தவு (ஒரு தவு 0.001 அங்குலம்) குறைஞ்சிருந்தா சீட் இறங்குதுன்னு அர்த்தம். நெல்லை ஜங்ஷனுக்கும் பாளைக்கும் ஓட்டுத வண்டிக்கு அவசரமே இல்ல. மதுரை நாலு வழிச்சாலையில விடாம 90-ல போற வண்டிதான் சீக்கிரம் அடிபடும்.

நிரந்தர வழி, எக்ஸாஸ்டுக்கு மட்டும் கெட்டியான சீட் ரிங் நாலு. குழியை விட ரிங் 0.003-லேர்ந்து 0.004 அங்குலம் பெருசா இருக்கணும், ஹெட்டைச் சூடாக்கி இறக்கணும். பிடிப்பு குறைஞ்சா ரிங் கழண்டு பிஸ்டன் மேல விழும். குழியை ஆழமா எடுத்தா தண்ணி ஜாக்கெட் ஓட்டையாகும், ஹெட் காலி. 45 டிகிரி வெட்டி, பேஸ்ட் போட்டுத் தேய்ச்சப்புறம் சேம்பர்ல மண்ணெண்ணெய் ஊத்தி வைங்க. போர்ட்டுப் பக்கம் கசிஞ்சா வேலை முடியல.

ஈயத்துக்குப் பதில் ஊத்துற மருந்தும் கிடைக்கு. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும், பாட்டில்ல எழுதியிருக்க அளவுக்கு மேல ஊத்தினா பிளக்ல படியும்.

பேட்டை_பிட்டர்
ரொம்ப நன்றி அண்ணாச்சி. 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டா சீட் தேயாதுன்னு ஒருத்தர் சொல்லுதாரே?

அம்பை_லேத்
ஆக்டேன் வேற, ஈயம் வேற. 100 ஆக்டேன்லயும் ஈயம் கிடையாது, இந்தியா பூரா 2000 பிப்ரவரியிலேயே நிறுத்தியாச்சு. 10.75 கம்ப்ரஷன் உள்ள 1964 ஜிடிஓ-ல நாக்கிங் (பெட்ரோல் கண்டபடி வெடிச்சு எஞ்சின் தட்டுத சத்தம்) வராம இருக்க அது உதவும். அம்பாசிடர்ல நாக்கிங்கே இல்லைன்னா அதுக்குக் கொடுக்குற காசை ரிங்குக்குச் சேர்த்து வைங்க.