சுத்த உணவு விதிகளைத் தளர்த்தலாமா, கூடாதா?

கீற்று:
சர்க்கரை கூடாது, மைதா கூடாது, பாக்கெட்டில் வருவது எதுவுமே கூடாது என்று இருக்கிறவங்க கொஞ்சம் கொஞ்சமா அதிலிருந்து வெளியே வரணும்னு நினைக்கிறேன். விருந்துக்குத் தனி டப்பாவில் சாப்பாடு எடுத்துட்டுப் போய், கேக் வெட்டும்போது போன் வந்த மாதிரி வாசலுக்கு நழுவுறது என்ன ஆரோக்கியம்? இந்தப் பிடிவாதத்துக்கு 1997லேயே அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன் ஆர்த்தோரெக்ஸியான்னு பேர் வெச்சுட்டார்.

வரம்பு:
ஒழுங்கா சாப்பிடுறதுக்கும் நோய்ப் பேரா! மனநோய்களுக்கான டிஎஸ்எம்-5 கையேட்டில் அது தனி நோயாவே இல்லை. 2019ல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்கவெச்சு நடத்தின சோதனையைப் பாருங்க. வேண்டிய அளவு சாப்பிடலாம்னுதான் விட்டாங்க. அதிகம் பதப்படுத்தாத உணவு கொடுத்த ரெண்டு வாரத்தைவிட, அதீதமா பதப்படுத்தின உணவு கொடுத்த ரெண்டு வாரமும் தினம் சுமார் 500 கலோரி கூடுதலா உள்ளே போச்சு. பரிமாறினதில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். இதுக்கப்புறமும் தளர்த்தச் சொல்றீங்களா?

கீற்று:
அது தட்டு நிறைய அதையே வெச்ச கணக்கு, ஒரு துண்டு கேக்கின் கணக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம்கூட சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும், 5க்குக் கீழே போனா இன்னும் நல்லதுன்னுதான் சொல்லுது. பூஜ்ஜியம்னு சொல்லலை.

அரைவட்டம்:
என் தங்கை கதையைச் சொல்றேன். முதல்ல சர்க்கரையை விட்டா, அப்புறம் ரொட்டி, எண்ணெய், கடைசியில் பழமும் போச்சு. மாதவிடாய் நின்னுடுச்சு. உடம்புக்கு வேண்டிய அளவு சாப்பாடே போகலைன்னார் டாக்டர். ராத்திரியெல்லாம் சமையல் வீடியோ பார்ப்பா, ஒண்ணையும் செய்யமாட்டா. 1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு ஆய்வுக்காக 36 பேரை அரைப்பட்டினி போட்டப்போ அவங்களும் நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பாவே இருந்தாங்க, சிலர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பிச்சாங்க.

உணவியலாளர் எல்லாத்தையும் ஒரே நாளில் திறந்துவிடலை. பயம் குறைவா இருந்த பழத்தில் ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா, தனியா இல்லாம மத்தவங்களோட உட்கார்ந்து சாப்பிடவெச்சார். முதல்ல வயிறு உப்புசம்தான். இதுதான் ஒத்துக்கலைன்னு அவ மறுபடி ஒதுக்கப் பார்த்தா. குறைவா சாப்பிட்டுப் பழகின வயிறு மெதுவாத்தான் காலியாகும்னு முன்கூட்டியே சொல்லியிருந்ததால தப்பிச்சோம்.

தூரல்:
குறுக்கே ஒண்ணு. சீலியாக் நோயோ (கோதுமையில் இருக்கிற குளூட்டன் குடலைப் பாதிக்கிற நோய்) ஒவ்வாமையோ இருக்கிறவங்க இந்தப் பேச்சை நம்பி எதையும் தளர்த்திடாதீங்க.

வரம்பு:
அரைவட்டம், தங்கைக்கு அது தேவைதான், மறுக்கலை. ஆனா எனக்கு விதி இல்லாட்டி கை நிக்காது. ஒரு பிஸ்கட்னு ஆரம்பிச்சா பாக்கெட் காலி.

கீற்று:
இனிமே கிடைக்காதுன்னு நினைச்சுத்தான் மனசு மொத்தத்தையும் அள்ளுது. எப்பவும் கிடைக்கும்னா ரெண்டோட நிக்கும்.

வரம்பு:
எல்லாருக்கும் நிக்கும்னு எப்படிச் சொல்றீங்க? நான் வீட்டில் வாங்கியே வைக்கமாட்டேன். அதில் என்ன தப்பு?

அரைவட்டம்:
வாங்காததில் தப்பே இல்லைங்க. வந்த விருந்தாளி வாங்கிட்டு வந்து மேசைமேல் வெச்சா என்ன செய்வீங்க, அதைச் சொல்லுங்க.