ஒரே பையனுக்கு ரெண்டு டாக்டர் ரெண்டு நோய் சொல்லுதாங்க, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எங்க ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். சித்தி மகனுக்கு 22 வயசு. பொங்கலுக்குப் பிறகு படுத்த படுக்கைதான். சோறு இறங்கல, ஆத்துக்குக் குளிக்கக்கூட வரல. முதல்ல பார்த்த டாக்டர் மனச்சோர்வுன்னு மாத்திரை எழுதினார். அடுத்தவர் அவனை விட்டுட்டு சித்தியத்தான் ரொம்ப நேரம் விசாரிச்சார். போன ஐப்பசியில ஒரு வாரத்துக்கு மேல தூக்கமே இல்லாம, நடுராத்திரி வயல் மோட்டாரைக் கழத்திப் போட்டுக்கிட்டு, கடன் வாங்கி லாரி எடுக்கப் போறேன்னு அலைஞ்சான். சித்தி இதைச் சொன்னதும் பைபோலாரா, அதாவது மனசு ஒரு காலம் ரொம்ப ஏறி ஒரு காலம் ரொம்ப இறங்குற நோயா, இருக்கலாம்னுட்டார். தைராய்டு டெஸ்டும் எழுதியிருக்கார்.

டிஎஸ்எம்னு மனநோயைக் கணிக்க டாக்டர்மாரு பார்க்குற புத்தகத்துக் கணக்குப்படி 9 அறிகுறியில 5, ரெண்டு வாரம் இருந்தா மனச்சோர்வு. ஆனா முன்னால மேனியா, அதாவது ஐப்பசியில அலைஞ்ச மாதிரி அளவுக்கு மீறின வேகம், வந்திருந்தா நோயே வேற, மாத்திரையும் வேற. அப்ப வீட்டுக்காரங்க சொல்ற பழைய கதைதான் சாட்சியா? பெரியப்பா வேற 'சாமி வந்திருக்கு'ன்னு சொல்லிட்டுத் திரியுதாரு. அதையும் டாக்டர்ட்ட சொல்லணுமா?

தூக்கம், செலவு, பேச்சு எல்லாத்தையும் தேதி போட்டு எழுதிக் கொண்டு போனா உதவுமா? முதல் டாக்டர்ட்ட கேஸ் ஷீட் நகல் எப்படிக் கேக்கணும்? 2017 மனநலச் சட்டத்துல அதுக்கு உரிமை இருக்கு, ஆனா கேட்டா மொறைப்பாங்களோன்னு சித்திக்குப் பயம். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்கு எந்தக் கிழமை போனா உக்கார வச்சு நிதானமா கேப்பாங்க?

மாத்திரைய நிறுத்துங்கன்னு மட்டும் யாரும் எழுதாதீங்க.