கிராம சபைப் பதிவேட்டில் கையெழுத்து கூடினால் ஜனநாயகம் வளர்ந்துவிட்டதா?

உசிலைக்காரன்:
நேற்று மதுரையில் ஒரு கருத்தரங்கு. ஜனநாயகம், குடியுரிமை என்று ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர் ஒருவர், கிராம சபையில் கையெழுத்து வருஷா வருஷம் கூடுகிறது, மக்களுக்குக் குடிமை உணர்வு வந்துவிட்டது என்று பேசிவிட்டுப் போனார். சாமி, எங்கள் ஊரில் அந்தப் பதிவேடு நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க்கே வரும். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மை தொட்டுக் கைநாட்டு வைத்தால் குடிமை உணர்வா?

புத்தகப்புழு:
அண்ணே, நானும் அந்தத் துறையில்தான் ஆய்வு செய்கிறேன். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3000 வரை என்றால் 100 பேர் வந்தால்தான் சபையே செல்லும். எந்த ஊர் அதை எப்படிச் சமாளிக்கிறது என்பதும் ஆய்வுதான். முதலில் பங்கேற்பு என்றால் என்னவென்று தெளிவாக்கிக்கொண்டு பேசலாமே?

உசிலைக்காரன்:
அந்தத் தெளிவெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. கைநாட்டு வைத்தது கண்மாயிலா, சபையிலா?

மேலூரான்:
எல்லா ஊரும் உங்கள் ஊர் ஆகாது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று அரிட்டாபட்டிப் பக்கம் கிராம சபைத் தீர்மானம் போட்டோமே, 2025 ஜனவரியில் ஏலமே ரத்தானது. அதுவும் கண்மாய்க் கைநாட்டா?

உசிலைக்காரன்:
ரத்தானது தீர்மானத்தாலா, ஜனவரி 7-ல் மதுரை தல்லாகுளம் வரை நடந்துவந்த கூட்டத்தாலா? நடந்தவர்கள் யாரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நடக்கவில்லை.

பாண்டியநாட்டான்:
ஆளாளுக்கு உத்திரமேரூர் குடவோலை என்பீர்கள். அதற்கு நூறு வருஷம் முந்தியது எங்கள் பாண்டியன் காலத்து மானூர்க் கல்வெட்டு. சபையில் எது சொன்னாலும் கூடாது கூடாது என்று மறிப்பவனுக்கு ஐந்து காசு தண்டம் என்று அதில் இருக்கிறது. உசிலைக்காரர் கணக்கு இப்போதே பத்துக் காசைத் தாண்டிவிட்டது.

உசிலைக்காரன்:
ஊரில் பங்கும் வேதப் படிப்பும் உள்ளவனுக்குத்தானே அந்தச் சபையில் இடம்? என் பாட்டனை வாசலோடு அனுப்பியிருப்பார்கள். அங்கேயாவது கைநாட்டு கேட்கவில்லை, நிம்மதி.

மேலூரான்:
பாட்டனை விடுங்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனி ஊராட்சி ஆனதற்காக உங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996-லிருந்து பத்து வருஷம் தலைவரை உட்காரவிடாதது யார் பக்கம்? 2006-ல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது.

உசிலைக்காரன்:
மேலூருக்குப் பக்கத்து மேலவளவு யார் பக்கம்? 1997-ல் தனி ஊராட்சித் தலைவரையே வெட்டிக் கொன்ற வட்டாரத்திலிருந்து எனக்குப் பாடமா?

புத்தகப்புழு:
இதையும்தான் ஆராய்கிறோம். தலைவர் நாற்காலியில் உட்காருகிறாரா, தரையிலா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறோம்.

உசிலைக்காரன்:
எழுதுவீர்கள். போன வருஷம் எங்கள் ஊர் மந்தையில் நாள் முழுக்க உட்கார்ந்து, டீயும் குடித்து, கேள்வி கேட்டுப் போனார்களே, அந்த ஆய்வேட்டை ஒரு பிரதி எங்கள் கண்ணில் காட்டியிருக்கிறீர்களா? எங்களிடம் வாங்கிப் போனதும் கையெழுத்துதான்!

புத்தகப்புழு:
அது நான் இல்லை அண்ணே. டீயும் நான் குடிக்கவில்லை.

உசிலைக்காரன்:
சரி, அக்டோபர் 2 கிராம சபை வரட்டும். பதிவேடு எந்த வண்டியில் ஏறிப் போகிறதென்று போட்டோ எடுத்துப் போடுகிறேன்.

மேலூரான்:
மே 1-க்கும் இதையேதான் சொன்னீர்கள்.