ஃபாக்ஸ்புரோ, விபி6 என்ற பழைய மென்பொருள்களில் எழுதிய கணக்குப் புரோகிராம்களை வெப்புக்கு (பிரவுசரில் ஓடும்படி) மாற்றியவர்கள் உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரி. 1997இல் எழுதின ஃபாக்ஸ்புரோ புரோகிராம், விண்டோஸுக்கு முந்தைய டாஸுக்கான 2.6 பதிப்பு, போன வருடம் வரை அவர் கடையில் ஓடிக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்தவர் இப்போது ஊரில் இல்லை. 64 பிட் விண்டோஸ் இந்த 16 பிட் புரோகிராமைத் திறக்காது, அதனால் பழைய எக்ஸ்பி பெட்டி ஒன்றை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மதர்போர்டு போனால் முந்நூறு பட்டறைகளின் கணக்கும் போச்சு. அதன் பிந்தைய வடிவமான விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கே மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு ஆதரவை நிறுத்திவிட்ட பிறகு இதற்கு யாரிடம் போய் நிற்பது?

எங்களிடம் ஜாங்கோ (பைத்தான் மொழியில் வெப் புரோகிராம் எழுத உதவும் கருவி) மேல் நாங்களே கட்டிய ஃபிரேம்வொர்க், அதாவது எல்லாக் கடைக்கும் பொதுவான அடித்தளம், ஒன்று இருக்கிறது. லாகின், யாருக்கு எந்தத் திரை, பேரேடு, தேடல், பிரிண்ட், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற பதிவு எல்லாம் அதில். கடைக்குக் கடை மாறுவதை மட்டும் மேலே எழுதுவோம். ஃபாக்ஸ்புரோவின் தரவு இருக்கும் டிபிஎஃப் கோப்புகளை போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் ஏற்றி இன்ஸ்பெக்ட்டிபி கட்டளை கொடுத்தால், ஜாங்கோ அட்டவணைகளைப் பார்த்து மாடல்களை (அட்டவணைகளுக்கான பைத்தான் வரையறைகளை) எழுதித் தந்துவிடும். இரண்டே வாரத்தில் திரைகள் தயார்.

அப்புறம்தான் கணக்குப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். அறுபது வயது தாண்டியவர். இடது கை ரசீதுக் கட்டில், வலது கை எண் விசைகளில், கண் திரைப் பக்கமே போகாது. எடை, எண்டர், டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி), எண்டர், கூலி, எண்டர். ஃபாக்ஸ்புரோவில் எண்டர் அடுத்த கட்டத்துக்குப் போகும், பிரவுசரிலோ ஃபாரத்தையே அனுப்பிவிடும். எடையை மட்டும் போட்ட பாதி ரசீதுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாகிக்கொண்டே போக, அவர் பத்தாவது ரசீதில்தான் தலை நிமிர்ந்தார். மவுஸைத் தொடாமல் ஒரு நாள் முழுக்க வேலை செய்ய முடியாத எந்தத் திரையையும் அன்றிலிருந்து நான் கொடுப்பதில்லை.

அடுத்தது இன்னும் ஆழமான விஷயம். இந்தத் தொழிலில் பட்டறைக்குக் கட்டி வெள்ளி கொடுத்து, கொலுசாகத் திரும்ப வாங்கி, பாக்கியை ரூபாயில் வைக்காமல் சுத்த வெள்ளியின் எடையில் வைப்பார்கள். இரண்டு புரோகிராமையும் ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினோம். "தம்பி, இந்தப் பட்டறைக்கு உங்க கணக்குல நாலு கிராம் குறையுதே" என்றார் கணக்குப்பிள்ளை. மூன்று ராத்திரி தேடினேன். 345 கிராம் கொலுசு, 65 டச் என்றால் சுத்தம் 224.25. ஒரு தசமத்துக்குச் சுருக்கும்போது ஃபாக்ஸ்புரோ 224.3 என்று மேலே ஏற்றும். பைத்தானில் தசமக் கணக்குப் போடும் டெசிமல், நாம் மாற்றிச் சொல்லாவிட்டால், சரிபாதியாக வருவதைப் பக்கத்து இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோய் 224.2 ஆக்கும். புள்ளி ஒன்று, புள்ளி ஒன்றாகச் சேர்ந்து நாலு கிராம். பட்டறைக்காரருக்கு அது அவருடைய வெள்ளி, நம் புரோகிராம் அதை விழுங்கக் கூடாது.

அந்த ரவுண்டிங்கை ஃபிரேம்வொர்க்கிலேயே ஒரே இடத்தில் திருத்தினேன். எண்டர் விசையையும் அப்படியே. இதற்காகத்தான் ஃபிரேம்வொர்க் வேண்டும் என்கிறேன், வேகம் இரண்டாம்பட்சம். செவ்வாய்ப்பேட்டையில் பட்ட அடியை ஆத்தூரிலும் ஏற்காட்டிலும் மறுபடி படக் கூடாது.

டிபிஎஃப் எடுப்பவர்களுக்கு ஒன்று: அதில் அழித்த வரி உடனே போகாது, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். பேக் கட்டளை கொடுத்தால்தான் உண்மையில் நீங்கும். இதைப் பார்க்காமல் ஏற்றினால் என்றோ முடித்த கணக்குகள் எல்லாம் உயிரோடு வந்து நிற்கும்.

பதில் 1, ஆத்தூரிலிருந்து:

நாங்கள் ஒரு ஜவ்வரிசி ஆலைக்குச் செய்தோம். மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்துப் பாயின்ட் பார்த்து விலை போடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஈரமண் கழிவு எவ்வளவு, எந்த லோடுக்குக் கழிப்பதில்லை என்பதெல்லாம் பழைய புரோகிராமுக்குள் ஒரு மூலையில்தான் எழுதியிருந்தது, முதலாளிக்கே மறந்துவிட்டது. அதனால் மொத்தமாக மாற்றாமல் முதலில் எடைச் சீட்டு, அடுத்த சீசனில் பட்டுவாடா என்று ஒவ்வொன்றாக எடுத்தோம். பனை மேல் விழுந்த ஆலவிதை மாதிரி, பழையது நிற்கும்போதே புதியது வேர் இறங்கட்டும். மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் 2004இல் இதே மாதிரி ஒரு மரத்தைக் காட்டித்தான் இந்த வழியைச் சொன்னார்.

பதில் 2, ஏற்காட்டிலிருந்து:

எங்களுடையது காப்பி எஸ்டேட், விபி6, பின்னால் ஆக்ஸஸ் தரவுத்தளம். வேலையாட்களின் பெயர்கள் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு) அடித்தவை. யுனிகோடுக்கு மாற்றாமல் வெப்பில் காட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும், ஏனென்றால் பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். மாற்றியை ஓட்டிய பிறகும் ஒவ்வொரு பெயரையும் மேஸ்திரியை வைத்துக்கொண்டு வாசித்தோம். கூலி வாங்கும் இடத்தில் பெயர் தப்பாக இருந்தால் அவர்களுக்கு அது அவமானம். மழைக்காலத்தில் மலையில் இன்டர்நெட் லைன் அடிக்கடி போகும், அதனால் சர்வரை எஸ்டேட் ஆபீஸிலேயே வைத்துவிட்டு, லைன் இருக்கும்போது மட்டும் கீழே சேலத்துக்கு நகல் அனுப்புகிறோம். உங்கள் ஃபிரேம்வொர்க்கில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு என்ன செய்தீர்கள் அண்ணா?

மீண்டும் நான்:

பிரவுசர் வழியாக அடித்தால் அது படமாகத்தான் போகும், தம்பி. மூன்று படிச் சீட்டு ஒன்றுக்கு நிமிடக்கணக்கில் இழுக்கும், கார்பன் படியில் எழுத்தும் சரியாக விழாது. கடைக் கணினியில் ஒரு சின்ன புரோகிராம் வைத்து, சர்வரிலிருந்து வெறும் எழுத்தாக வாங்கி நேரே பிரிண்டருக்குத் தள்ளுகிறோம். இதுவும் ஃபிரேம்வொர்க்கில் ஒரு துண்டாகவே இருக்கிறது. உங்கள் கூலிச் சீட்டின் அகலம், ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி என்று அளந்து அனுப்புங்கள். சீட்டு தமிழில் வர வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள், தமிழென்றால் பெரும்பாலும் வெறும் எழுத்தாக அனுப்ப முடியாது, வழி வேறு.