லோச்னு வாங்கின மீன் ஏஞ்சல் மீன் மேல ஒட்டிக்குது, என்ன பண்றது?

வணக்கம் நண்பர்களே. வீட்ல இரண்டரை அடி டேங்க், ரெண்டு ஏஞ்சல், நியான் டெட்ரா கூட்டம், ஒரு ஜோடி ஹனி கௌராமி, எல்லாமே சாதுவான மீனுங்க. கண்ணாடில பாசி புடிக்குதுன்னு கொளத்தூர்ல ஒரு கடைல கேட்டப்ப "இது லோச் சார், பாசிய மட்டும் தான் திங்கும், யாரையும் தொடாது"ன்னு சொல்லி தங்க கலர்ல விரல் நீளத்துக்கு ஒண்ண குடுத்தாரு. ஆரம்பத்துல சூப்பரா கண்ணாடிய மேஞ்சுச்சு. இப்ப நல்லா வளந்துடுச்சு, பாசிய சீண்டுறதே இல்ல, எல்லாத்தையும் துரத்துது, காலைல பாத்தா ஏஞ்சலோட ஒரு பக்கம் செதில் போய் வெளுப்பா இருக்கு. இது நோயா, இல்ல இவன் வேலையா?

பதில் - குளத்துமீன்
அவன் வேலையே தான். வாய் கீழ்ப்பக்கமா உறிஞ்சி மாதிரி இருக்கா, மீசை இல்லையா? அப்ப அது சைனீஸ் ஆல்கே ஈட்டர், கைரினோகைலஸ் அய்மோனியெரி. லோச்னு பேர் சொல்லி வித்தாலும் அது தனி குடும்பம். நம்ம மதுரைப் பக்கம் குழம்பு வைக்கிற அயிரை இருக்கு பாருங்க, அது தான் அசல் லோச், வாய் ஓரம் மீசை இருக்கும். இவனுக்கு செவுள் மூடிக்கு மேல இன்னொரு ஓட்டை உண்டு, அது வழியா தண்ணி இழுத்துக்குவான், அதனால வாய எடுக்காமலே எவ்ளோ நேரம் வேணா ஒட்டிட்டு இருப்பான். சின்னதுல பாசி, பெருசானா மீனோட மேல்தோல் வழவழப்பு. ஏஞ்சல், டிஸ்கஸ், கோல்டு பிஷ் மாதிரி தட்டையா மெதுவா போற மீனு தான் மாட்டும், அதுவும் ராத்திரி தூங்கும்போது. மீகாங் ஆத்துப் பக்கத்து மீன், ஒரு அடி கிட்ட வளரும், உங்க டேங்க்ல இடமே இல்ல.

பதில் - தொட்டிக்காரன்
ப்ரோ சிம்பிள், அத தூக்கிட்டு சக்கர் பிஷ் போடுங்க, நான் அதான் வெச்சிருக்கேன்

பதில் - குளத்துமீன்
வேணாங்க, அதுவும் ஒரு அடிய தாண்டும், போடுற கழிவுல பாசி இன்னும் ஏறும். அப்புறம் பெருசாச்சுன்னு ஏரில கொண்டு போய் விடுவாங்க, ஏற்கனவே நம்ம ஏரிங்கள்ல பெருகி மீனவங்க வலைய கிழிச்சிட்டு இருக்கு. இந்த ரெண்டையும் எங்கயும் விடாதீங்க, கடைலயே திருப்பி குடுங்க.

கேட்டவர்
நன்றி அண்ணா. புடிக்கவே முடியல, வலைய பாத்தாலே மரக்கட்டைக்குள்ள போயிடுறான். ஏஞ்சலுக்கு மருந்து ஏதாச்சும்? ஹில்ஸ்ட்ரீம் லோச் நல்லதுன்னு ஒருத்தர் சொன்னாரு, அது போடலாமா?

பதில் - குளத்துமீன்
மரக்கட்டைய வெளில எடுங்க. லைட் அணைச்சு கொஞ்ச நேரம் கழிச்சு, வெந்நீர்ல முக்கின வெள்ளரிக்கா துண்டு ஒண்ணு போட்டா வந்து ஒட்டுவான், ரெண்டு வலை வெச்சு மடக்குங்க. ஏஞ்சலுக்கு மருந்து அவசரப்படாதீங்க, தனி டப்பால ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழ் விடுற கல்) போட்டு சுத்தமான தண்ணி மாத்திட்டே இருந்தா தோல் ஆறிடும், பஞ்சு மாதிரி பூஞ்சை வந்தா மட்டும் மருந்து.

பதில் - மலைநீர்
ஹில்ஸ்ட்ரீம் லோச் சாது தான், மத்த மீன தொடாது. ஆனா அது வேகமா ஓடுற மலை ஓடைல பாறைல ஒட்டி வாழுறது, 20-24 டிகிரி குளிர்ந்த தண்ணி, நிறைய ஆக்சிஜன் வேணும். சென்னை வெயில்ல தொட்டி தண்ணி 30 தாண்டிடும், உங்க ஏஞ்சலுக்கும் அந்த வேகமான ஓட்டம் ஆகாது. குன்னூர் ஊட்டில இருந்தா யோசிக்கலாம். யோயோ லோச்சயும் பாசிக்குன்னு விப்பாங்க, அது நத்தை தான் திங்கும். உங்களுக்கு நெரைட் நத்தை போதும், கண்ணாடிய நல்லா நக்கும், வெள்ளை வெள்ளையா முட்டை ஒட்டும், அது மட்டும் தான் தொல்ல, நல்ல தண்ணில பொரியாது.

லைட் எவ்ளோ நேரம் எரியுது?

கேட்டவர்
காலைல போட்டா படுக்கும்போது தான் அணைப்போம்

பதில் - மலைநீர்
😅 அப்ப எந்த மீன விட்டாலும் பாசி போகாது. டைமர் வாங்கி ஆறு ஏழு மணி நேரத்துக்கு குறைங்க, தீனி குறைங்க, வாரம் கால்வாசி தண்ணி மாத்துங்க, மிச்சத்த ஸ்பாஞ்சால தேச்சுடுங்க. ரெண்டு வாரம் அத பாத்துட்டு அப்புறம் நத்தை வாங்குங்க.