ஃபயர் டிவி ஸ்டிக் லைட்டில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டுமே ஏறலை: எந்த ஏபிகே சரி?

மின்நூல்பிரியர்:
வணக்கம். வீட்டில் இருப்பது ஃபயர் டிவி ஸ்டிக் லைட், 2020 மாடல். சில்க் பிரவுசர் இருக்கிறது. எனக்கு வேண்டியது ரெண்டு வசதி: பிடிஎஃப் பிரவுசருக்கு உள்ளேயே திறக்கணும், விளம்பரத் தடுப்பு ஆட்-ஆன் போட முடியணும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இருக்கும் பழைய நூல்களை டிவியில் பெரிய எழுத்தில் வைத்துப் பெரியவர்கள் படிப்பதற்காக.

டவுன்லோடர் ஆப் வழியாக ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல்) இறக்கி முயற்சி பண்ணினேன். குரோம் போட்டால் "தேர் வாஸ் எ ப்ராப்ளம் பார்ஸிங் தி பேக்கேஜ்" என்று வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் போட்டால் "ஆப் நாட் இன்ஸ்டால்டு". எட்ஜுக்குக் கிடைத்த ஃபைல் ஏபிகேஎம் என்று முடிகிறது, அது திறக்கவே இல்லை. ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் ஏற்றுவதற்கான அன்நோன் ஆப்ஸ் அனுமதி எல்லாம் கொடுத்தாகிவிட்டது. எங்கே தப்பு?

ஏபிகே_ஆள்:
மூணு பிழைக்கும் மூணு வேற காரணம் சார். செய்தியைச் சரியா எழுதினதால கண்டுபிடிக்கறது சுலபமா இருக்கு.

முதல்ல செட்டிங்ஸ் > மை ஃபயர் டிவி > அபவுட் > சாஃப்ட்வேர் வெர்ஷன் பாருங்க. லைட் மாடல்னா ஃபயர் ஓஎஸ் 7 இருக்கும். ஃபயர் ஓஎஸ் நம்பரும் ஆண்ட்ராய்டு நம்பரும் ஒண்ணு கிடையாது. ஓஎஸ் 5-க்கு அடியில இருக்கறது ஆண்ட்ராய்டு 5.1. ஓஎஸ் 6-க்கு 7.1, ஓஎஸ் 7-க்கு 9. டிவி சாதனங்கள்ல வர்ற ஓஎஸ் 8-க்கு 11. உங்களோடது ஆண்ட்ராய்டு 9-னு மனசுல வெச்சுக்கோங்க, மத்ததெல்லாம் அதுல இருந்துதான்.

குரோம்: 139-ஆம் பதிப்பில் இருந்து ஆண்ட்ராய்டு 10 கட்டாயம். 138 தான் ஆண்ட்ராய்டு 9-க்குக் கடைசி. புதுசை இறக்கிப் போட்டா இன்ஸ்டாலர் ஃபைலைப் படிக்கும்போதே குறைந்தபட்ச வெர்ஷனைப் பாத்துட்டு நிறுத்திடும். அதைத்தான் "பார்ஸிங்" பிழைன்னு காட்டுது. டவுன்லோடு பாதியில அறுந்த ஃபைலுக்கும் இதே செய்தி வரும், அதனால அளவையும் ஒருதடவை ஒப்பிட்டுப் பாருங்க. பழைய 138-ஐத் தேடிப் போடலாம், ஆனா பாதுகாப்பு அப்டேட் நின்னு போன பிரவுசரை ஏன் வலியப் போய் ஏத்தணும்? விட்டுடுங்க.

ஃபயர்ஃபாக்ஸ்: இப்போதைய பதிப்புகளுக்கு ஆண்ட்ராய்டு 8 போதும். அப்போ வெர்ஷன் பிரச்சினை இல்ல. நீங்க இறக்கினது அநேகமா 'ஆர்ம்64-வி8ஏ'. இந்த ஸ்டிக்ல ஓஎஸ் 32 பிட். 64 பிட் ஏபிகே ஃபைல் படிக்கக் கிடைக்கும், ஆனா உள்ளே இருக்கற நிரல் துண்டுகள் (லைப்ரரி) பொருந்தாது, அதனால கடைசிப் படியில "ஆப் நாட் இன்ஸ்டால்டு". உங்களுக்கு வேண்டியது பெயரில் 'ஆர்ம்இயாபி-வி7ஏ' இருக்கற ஃபைல்.

எட்ஜ்: ஏபிகேஎம், எக்ஸ்ஏபிகே ரெண்டும் தனி ஏபிகே இல்ல, பல துண்டுகளை ஒண்ணா முடிஞ்ச மூட்டை. டவுன்லோடர் அதைப் பிரிக்காது. பதிவிறக்கப் பக்கத்துல "பண்டில்" போட்டிருந்தா தொடாதீங்க, "ஏபிகே"ன்னு தனியா இருக்கறதை மட்டும் எடுங்க. எட்ஜும் குரோமியம் வழி வந்ததுதான், ஆண்ட்ராய்டு 9-க்கு அதே கதவு அதுக்கும் மூடும்.

மின்நூல்பிரியர்:
தெளிவாகப் புரிந்தது, நன்றி. ஆம், ஃபயர் ஓஎஸ் 7 தான். ஃபயர்ஃபாக்ஸின் வி7ஏ ஃபைலை நம்பி எங்கிருந்து எடுப்பது? தேடினால் வருவதெல்லாம் யார் யாரோ நடத்தும் ஏபிகே தளங்கள்.

ஏபிகே_ஆள்:
மொஸில்லாவே வெச்சிருக்கு. ஆர்கைவ்.மொஸில்லா.ஆர்க் போய் பப், அதுக்குள்ள ஃபீனிக்ஸ், அதுக்குள்ள ரிலீசஸ். ஃபீனிக்ஸ்ங்கறது ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸோட உள்பெயர். கடைசி நம்பர் ஃபோல்டரைத் திறங்க. நம்பருக்குப் பின்னாடி 'பி' எழுத்து ஒட்டியிருந்தா அது பீட்டா, வேண்டாம். உள்ளே ஆண்ட்ராய்டு, அப்புறம் வி7ஏ ஃபோல்டர், அதுக்குள்ள ஏபிகே.

அந்த நீள முகவரியை ரிமோட்ல ஒவ்வொரு எழுத்தாத் தட்டாதீங்க. போன்ல ஏஎஃப்டிவி.நியூஸ் திறந்து முகவரியை ஒட்டினா அதுக்குப் பதிலா ஒரு சின்ன எண் கொடுக்கும். டவுன்லோடர்ல அந்த எண்ணை மட்டும் போட்டா போதும். டவுன்லோடர் பண்ணினவங்களோட சேவைதான் அது. ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க: அந்த எண்ணை நீங்களே உருவாக்குங்க. யூடியூப் வீடியோவுக்குக் கீழே போட்டிருக்கற எண் எந்த ஃபைலுக்குப் போகுதுன்னு அதைப் பாத்துச் சொல்ல முடியாது.

ஏத்தறதுக்கு முன்னாடி மை ஃபயர் டிவி > அபவுட் > ஸ்டோரேஜ் பாருங்க. மொத்தம் 8 ஜிபி, அதுல ஓஎஸ் போக மிச்சம்தான் உங்களுக்கு. ஃபயர்ஃபாக்ஸ் நிறுவி, கேஷ் சேர்ந்தா சில நூறு எம்பி எடுக்கும். 1 ஜிபியாவது காலியா இருக்கட்டும். 500 எம்பிக்குக் கீழ போனா ஸ்டிக் எச்சரிக்கை காட்ட ஆரம்பிச்சுடும். இன்ஸ்டால் முடிஞ்சதும் "ஓபன்" அழுத்தாம "டன்" அழுத்துங்க. டவுன்லோடர் திரும்ப வந்து ஏபிகேயை டெலிட் பண்ணவான்னு கேக்கும், பண்ணிடுங்க.

கரிசல்_டிவி:
ஒண்ணு சேர்க்கிறேன். டவுன்லோடருக்குக் கொடுத்த அன்நோன் ஆப்ஸ் அனுமதியை வேலை முடிந்ததும் ஆஃப் பண்ணிவிடுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் > இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் கண்ணில் படாதவர்களுக்கு: அபவுட் பக்கத்தில் சாதனப் பெயர் மேல் நின்று நடு பட்டனை 7 தடவை அழுத்தினால் வரும். ஏடிபி டீபக்கிங் (கணினியிலிருந்து ஸ்டிக்குக்குக் கட்டளை அனுப்பும் வழி) இந்த வேலைக்குத் தேவையே இல்லை. பல வழிகாட்டிகளில் ரெண்டையும் ஆன் பண்ணச் சொல்கிறார்கள், ஏடிபியை மூடியே வையுங்கள்.

பழைய கட்டுரைகளைப் பார்த்து கிவி பிரவுசர் போட வேண்டாம். 2025 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். அதேபோல "ஃபயர் டிவிக்கான ஃபயர்ஃபாக்ஸ்" என்று தனியாக ஒன்று 2021 ஏப்ரல் வரை இருந்தது. அந்த ஏபிகே இன்னும் சில தளங்களில் சுற்றுகிறது. ரிமோட்டுக்காகவே செய்தது என்பதால் ஆசையாக இருக்கும், ஆனால் அத்தனை வருடப் பழைய எஞ்சினை வைத்து இணையத்தில் உலவக் கூடாது.

மின்நூல்பிரியர்:
வி7ஏ ஏறிவிட்டது, திறக்கிறது. இப்போது ரெண்டு சிக்கல். ரிமோட் அம்புக்குறி முகவரிப் பெட்டிக்குப் போகிறது, மூன்று புள்ளி மெனுவுக்கு ஒழுங்காகப் போவதில்லை. இன்னொன்று, சின்ன பிடிஎஃப் அழகாகத் திறக்கிறது. பெரிய ஸ்கேன் நூல் என்றால் பாதியிலேயே பிரவுசர் மூடி ஹோம் ஸ்கிரீன் வந்துவிடுகிறது.

கரிசல்_டிவி:
முதலாவது: இது தொடுதிரைக்குச் செய்த பிரவுசர், ரிமோட்டை எதிர்பார்த்து எழுதியது இல்லை. மவுஸ் வையுங்கள், வேறு சுற்றுவழியில் நேரம் போக்க வேண்டாம். புளூடூத் மவுஸ் என்றால் செட்டிங்ஸில் ரிமோட், புளூடூத் சாதனங்கள் இருக்கும் பகுதி > அதர் புளூடூத் டிவைசஸ் > ஆட். மவுஸை நகர்த்தியதும் அம்பு தானாகத் திரையில் வரும்.

யூஎஸ்பி டாங்கிள் உள்ள சாதா மவுஸ்தான் கையில் இருக்கிறது என்றால் மைக்ரோ யூஎஸ்பி ஓடிஜி ஒய் கேபிள் வாங்குங்கள். ஒரு முனை ஸ்டிக்கில், ஒரு முனை அடாப்டரில், மூன்றாவதில் டாங்கிள். வெறும் ஓடிஜி கேபிள் வாங்கினால் கரண்ட் கொடுக்க வழி இருக்காது, 'ஒய்' தான் வேண்டும். கரண்ட்டை டிவியின் யூஎஸ்பியிலிருந்து எடுக்காதீர்கள். பல டிவிகளில் அந்தப் போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்கோடு வந்த 5 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரையே போடுங்கள். கரண்ட் பற்றாமல் ஸ்டிக் தானாக ரீஸ்டார்ட் ஆவதைப் பார்த்து, பிரவுசர் மேல் பழி போடுபவர்கள் நிறைய.

ஏபிகே_ஆள்:
ரெண்டாவது ரேம். லைட்ல இருக்கறது மொத்தமே 1 ஜிபி. ஃபயர்ஃபாக்ஸ் பிடிஎஃப்பை ஜாவாஸ்கிரிப்ட்லதான் வரையுது. ஸ்கேன் நூல்னா ஒவ்வொரு பக்கமும் ஒரு முழுப் படம், விரிச்சா பல எம்பி. ரேம் தீர்ந்ததும் ஓஎஸ் ஆப்பைக் கொன்னுடும், பிழைச் செய்திகூட வராது. நீங்க பாக்கறது அதேதான்.

குறைக்கறதுக்கு: ஒரே டேப் மட்டும் திறந்து வையுங்க. முதல்ல ஸ்டிக்கை ரீஸ்டார்ட் பண்ணிட்டு நேரா ஃபயர்ஃபாக்ஸ் திறங்க. யூபிளாக் ஆரிஜின் போடுங்க, மத்த பக்கங்கள்ல விளம்பர ஸ்கிரிப்ட் தின்னற ரேமும் மிச்சம். இதெல்லாம் செஞ்சும் பெரிய நூல் விழுந்தா பிரவுசர்ல திறக்கறதை விட்டுட்டு, இறக்கி வெச்சு முபிடிஎஃப் மாதிரி லேசான ரீடர்ல திறங்க. தேவையான பக்கத்தை மட்டும் நேட்டிவா வரையறதால 1 ஜிபி சாதனத்துக்கு அதுதான் ஏற்றது. உங்க வேலை முழுக்க ஸ்கேன் நூல்தான்னா, என் கருத்துல பிரவுசர் தேடறதுக்கும் ரீடருக்கும் தனித்தனி ஆப் இருக்கறதே நல்லது.

திருச்சி_செட்டாப்:
இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். குரோம்காஸ்ட் வித் கூகுள் டிவியில் ஃபயர்ஃபாக்ஸ் இன்ஸ்டால் ஆனது, ஆனால் ஹோம் ஸ்கிரீனில் ஐகானே இல்லை. மறுபடி போட்டாலும் அப்படித்தான்.

ஏபிகே_ஆள்:
ஏறியிருக்கு, கண்ணுக்குத் தெரியலை அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு டிவி லாஞ்சர், "லீன்பேக்" குறிப்பு உள்ள ஆப்களைத்தான் வரிசையில காட்டும். போன் ஆப்ல அந்தக் குறிப்பு இருக்காது. செட்டிங்ஸ் > ஆப்ஸ் > சீ ஆல் ஆப்ஸ்ல ஃபயர்ஃபாக்ஸைத் தேடி ஓபன் கொடுங்க. தினமும் அப்படிப் போக அலுப்பா இருந்தா பிளே ஸ்டோர்ல சைட்லோட் லாஞ்சர் போடுங்க, மறைஞ்ச ஆப் எல்லாம் அதுக்குள்ள வரும்.

ஆனா கூகுள் டிவி வெச்சிருக்கறவங்க முதல்ல டிவி ப்ரோங்கற பிரவுசரைப் பாக்கலாம். திறமூலம், டிவிக்காகவே எழுதினது, ரிமோட் அம்புக்குறியாலேயே திரையில கர்சர் ஓடும், மவுஸ் வேண்டாம். அது சாதனத்துல உள்ள வெப்வியூவை (ஆப்புக்குள்ள வலைப்பக்கம் காட்டற சிஸ்டம் பகுதி) வெச்சு ஓடறதால பக்கம் வெள்ளையா நின்னாலோ எழுத்து கலைஞ்சாலோ, பிளே ஸ்டோர்ல ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவை அப்டேட் பண்ணுங்க. பெரும்பாலும் அதோட தீரும். ஃபயர் ஸ்டிக்ல வெப்வியூ அமேசானோடது, சிஸ்டம் அப்டேட் வழியா வந்தாத்தான் உண்டு. வெப்வியூவுக்குள்ள பிடிஎஃப் காட்டி கிடையாதுங்கறதால, கேள்வி கேட்ட சாருக்கு இதைச் சொல்லலை.

கோவை_பழையஸ்டிக்:
என்னிடம் 2016-இன் இரண்டாம் தலைமுறை ஸ்டிக், ஃபயர் ஓஎஸ் 5. டிவி ப்ரோ போட்டால் பல தளங்களில் "யுவர் கனெக்ஷன் இஸ் நாட் பிரைவேட்" வருகிறது. தேதி, நேரம் சரியாகவே இருக்கிறது.

கரிசல்_டிவி:
தேதியை முதலில் பார்த்தது நல்லது, பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும். உங்களுக்குக் காரணம், தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டை நிறைய தளங்கள் பயன்படுத்துகின்றன. அதன் மூலச் சான்றிதழ் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1, ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய சாதனங்கள் நம்பும் சான்றிதழ்ப் பட்டியலில் கிடையாது. பழைய சாதனங்களைத் தாங்கிக்கொண்டிருந்த குறுக்குக் கையொப்ப ஏற்பாடும் (அவை ஏற்கெனவே நம்பும் வேறொரு சான்றிதழின் துணை) 2024-இல் முடிந்துவிட்டது. வெப்வியூ சார்ந்த பிரவுசர் எதுவானாலும் சிஸ்டத்தின் பட்டியலைத்தான் நம்பும், அதனால் வேறு வேறு பிரவுசர் மாற்றிப் பயனில்லை.

ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே சுமந்து வருகிறது. ஆண்ட்ராய்டு 5, 6, 7-க்கு 143 தான் கடைசிப் பதிப்பு. அதே ஆர்கைவில் 143-இன் வி7ஏ எடுங்கள், தளங்கள் திறக்கும். மெதுவாகத்தான் ஓடும். செய்தி, நூல் படிக்க மட்டும் வையுங்கள், பாங்க், ஜிமெயில் எதிலும் அதில் லாகின் பண்ணாதீர்கள். "அட்வான்ஸ்டு > ப்ரொசீட்" அழுத்திப் போகும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

புதுஸ்டிக்:
ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட் வாங்கியிருக்கேன். ஏபிகே போடற வழியே காணோம். எங்கே ஒளிஞ்சிருக்கு?

ஏபிகே_ஆள்:
ஒளியலை ப்ரோ, இல்லவே இல்ல. 2025-ல வந்த அந்த மாடல்ல ஆண்ட்ராய்டே கிடையாது, வேகா ஓஎஸ். ஆண்ட்ராய்டு ஏபிகே அதுல ஓடாது. ஆப்ஸ்டோர்ல கிடைக்கறது மட்டும்தான். வேற பிரவுசர் அவசியம்னா லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிள்ல போடுங்க, இல்ல இன்னும் ரிட்டர்ன் தேதி இருந்தா ஆண்ட்ராய்டு டிவி சாதனமா மாத்திக்கோங்க. "வேகாவில் ஏபிகே" தலைப்பு போட்டு யாராவது கருவி விற்றா காசு கொடுக்காதீங்க.

மின்நூல்பிரியர்:
புளூடூத் மவுஸ் இணைந்தது, மெனு எல்லாம் கைக்கு வந்துவிட்டது. பெரிய நூல்களை ரீடரில் திறக்கிறேன், விழவில்லை. கடைசியாக ஒன்று: ஃபயர்ஃபாக்ஸ் தானாக அப்டேட் ஆகுமா?

ஏபிகே_ஆள்:
ஆகாது. ஆப்ஸ்டோர் வழியா வராததால அதைக் கவனிக்க யாரும் இல்ல. ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வரும். மாசத்துக்கு ஒருதடவை அதே ஆர்கைவ்ல புது வி7ஏ எடுத்து மேலேயே இன்ஸ்டால் பண்ணுங்க, பழசை அழிக்க வேண்டாம், புக்மார்க் அப்படியே இருக்கும். டவுன்லோடருக்கு அனுமதியை அந்த நேரத்துக்கு மட்டும் திறந்து மூடிடுங்க.

"கான்ஃப்ளிக்ட்ஸ் வித் அன் எக்ஸிஸ்டிங் பேக்கேஜ்"னு வந்தா, கையொப்பம் வேற உள்ள ஃபைலை வேற எங்கிருந்தோ எடுத்திருக்கீங்கன்னு அர்த்தம். பழசை அழிச்சுட்டு அதை ஏத்தாதீங்க. அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டுட்டு மொஸில்லா ஃபைலையே மறுபடி இறக்குங்க.